ஆற்று மணலில் கிடந்த பிரெஞ்சு வண்டி

அடையாற்று மணலில் இடுப்பளவு பள்ளம். அதற்குள் முழங்கால் வரை சேற்றில் நின்றுகொண்டிருந்தேன். கையில் இரண்டு ஸ்பேனர். மேலே விளிம்பில் ஒரு சப் இன்ஸ்பெக்டர், குடை பிடித்த மயிலாப்பூர் வக்கீல் ஒருவர், மணல் அள்ள வந்த கட்டை வண்டிக்காரர்கள், வேடிக்கை பார்க்க வந்த சைதாப்பேட்டை ஜனம், மீன் கூடையை இடுப்பில் வைத்த ஒரு பெண்பிள்ளை. அத்தனை பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என்னோடு பள்ளத்தில் கிடந்தது ஒரு மோட்டார் வண்டி. வண்டி என்று நான்தான் சொல்கிறேன். மற்றவர்கள் கண்ணுக்கு அது வெறும் துருப்பிடித்த இரும்பு. மேல்கட்டு இல்லை. முன்னால் ரேடியேட்டர் இல்லை. சீட்டு, தோல், கூரைத் துணி எல்லாவற்றையும் ஆறு தின்றிருந்தது. மிஞ்சியது நீளமாக இரண்டு இரும்புச் சட்டம், அச்சுகள், நடுவில் என்ஜின். என்ஜினின் ஓட்டை ஒன்றிலிருந்து ஒரு நண்டு வெளியே வந்து, என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே போய்விட்டது.

கோடைக் காலைதான், வெயில் இன்னும் ஏறவில்லை. சேற்று நாற்றமும் அந்தக் கூடையிலிருந்த நெத்திலி வாசனையும் கலந்து வந்தது.

"என்ன வண்டிய்யா இது? சட்டுனு சொல்லு" என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

எனக்குப் பதில் தெரியும். பள்ளத்தில் இறங்கிய ஐந்தாவது நிமிஷமே தெரிந்துவிட்டது. நான் சொன்ன பதில் வேறு. இதை எழுதாமலே பழைய வண்டிகளைப் பற்றிய இந்தப் பத்திரிகைத் தொடரை முடித்துவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். அடையாறு வாசகர் ஒருவர் விடவில்லை.

வாசகர் கேட்ட கேள்வி

சில வாரங்களுக்கு முன் நான் கொஞ்சம் ஜம்பமாக எழுதியிருந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். துருவைப் பார்த்தே வண்டியின் பெயர் சொல்லிவிடுவேன் என்று எழுதியிருந்தேன். கை சும்மா இருக்காதே!

அந்த அடையாறு அன்பர் ஒரு பழைய தோட்டத்தை வாங்கியிருக்கிறார். மாமரத்தடியில் ஒரு வண்டியின் கூடு கிடக்கிறதாம். ஓணான் குடித்தனம் நடத்துகிறதாம். அது எந்த வண்டி என்று கண்டுபிடிக்க வழி என்ன என்று கேட்டிருந்தார்.

ஐயா, வழி சுலபம். முகப்பில் இருக்கும் பெயரை நம்பாதீர்கள். அந்தக் காலத்தில் மதராஸில் ஒரு வண்டி முதலில் ஜமீன்தாரிடம் இருக்கும். அவர் அலுத்துப்போய் டாக்டருக்குத் தள்ளுவார். டாக்டரிடமிருந்து கல்யாண ஊர்வலத்துக்கு வாடகை விடுகிறவரிடம் போகும். ஒவ்வொருவரும் தன் இஷ்டத்துக்குப் பெயின்ட் அடித்து, விளக்கை மாற்றி, இன்னொரு வண்டியின் பித்தளைச் சின்னத்தை வாங்கி முகப்பில் ஒட்டிக்கொள்வார்கள். சின்னத்தைப் பார்த்து மயங்கிய பெரிய மனிதர்கள் பலர் எனக்குத் தெரியும்.

நட்டைப் பாருங்கள். நட்டு பொய் சொல்லாது. இங்கிலீஷ் வண்டியின் நட்டு அங்குலக் கணக்கு. பிரெஞ்சு வண்டியின் நட்டு மில்லிமீட்டர் கணக்கு. இரண்டுக்கும் ஸ்பேனர் வேறு. துருவைச் சுரண்டிவிட்டு மாட்டிப் பார்த்தால், எது ஆடாமல் கவ்வுகிறதோ அந்த தேசத்து வண்டி. கம்பெனிப் பெயரை அதற்கப்புறம் தேடிக்கொள்ளலாம். கம்பெனிப் பெயர்களை நான் இந்தத் தொடரில் எழுதுவதில்லை. வண்டி செத்தாலும் முதலாளிகள் உயிரோடு இருக்கிறார்கள்.

இவ்வளவுதான் வித்தை. இந்த இரண்டு ஸ்பேனர் வித்தையை வைத்துத்தான் நான் ஒரு குடும்பத்தைக் கெடுத்தேன்.

முறுக்காத கிளிப்

ஆற்றங்கரைக்கு அப்புறம் வருகிறேன். அதற்கு எட்டு ஒன்பது வருஷம் முன்னால் போக வேண்டும்.

மவுண்ட் ரோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நான் ஃபிட்டர். தியாகராய நகர் அப்போது நகராக இல்லை. ஏரியைத் தூர்த்து, செம்மண் கொட்டி, ரோடு மட்டும் போட்டு வைத்திருந்தார்கள். ரிப்பேர் முடிந்த வண்டிகளை நாங்கள் அங்கேதான் ஓட்டிப் பார்ப்போம். குறுக்கே வர ஆளும் கிடையாது, மாடும் கிடையாது. சாயங்காலம் திரும்பும்போது மீசை வரை செம்மண் அப்பியிருக்கும்.

குடை பிடித்து நின்ற அந்த மயிலாப்பூர் வக்கீலின் பிரெஞ்சு வண்டி எங்களிடம் வரும். அதை ஓட்டியவன் சவரிமுத்து. பட்டினப்பாக்கத்துக் கட்டுமரக் குடும்பம். தண்ணீரில் போகிறதை விட்டு ரோட்டில் போகிறதைப் பிடித்துக்கொண்டதற்காக அவன் அப்பன் அவனோடு ரொம்ப நாள் பேசவில்லையாம். வண்டி ரிப்பேர் ஆகிறவரை பக்கத்திலேயே குந்திக்கொண்டிருப்பான். பெற்ற பிள்ளையை ஆஸ்பத்திரியில் விட்டவன் போல முகத்தை வைத்துக்கொள்வான்.

ஒருமுறை ரேடியேட்டர் குழாய் மாற்ற வந்தது. மாற்றியவன் நான். குழாயைச் செருகினேன், அதை இறுக்கும் கிளிப்பை முறுக்காமல் விட்டுவிட்டேன். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது, அவ்வளவுதான் காரணம். வண்டி தண்ணீரெல்லாம் ஒழுகவிட்டு, கொதித்து, பூந்தமல்லி ரோட்டில் என்ஜின் விரிசல் விட்டு நின்றது. மாடு கட்டி இழுத்து வந்தார்கள்.

எங்கள் மேஸ்திரி கன்னையா பானெட்டைத் திறந்து பார்த்தார். கிளிப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சீமையிலேர்ந்து வேற என்ஜின் வர்றதுக்கு ஆறு மாசம் ஆவும். வக்கீலு கோர்ட்டுக்கு இஸ்துடுவாரு. உன்னோட சேத்து என்னையும்தான்" என்றார்.

நான் அழுதுவிட்டேன். அப்போது எனக்கு மீசை இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"அழுவாத நைனா. பின்னாடி ஷெட்டுல இங்கிலீஷ்காரன் என்ஜினு ஒண்ணு சும்மா கீது. கியர் பெட்டியோட தூக்கி இதுல வெச்சிடு. வக்கீலு இன்னா பானெட்டைத் தொறந்து பாக்கவா போறாரு?"

இது எங்கள் ஒர்க்‌ஷாப்பில் புதிது இல்லை. கப்பலில் சாமான் வரக் காத்திருந்தால் மதராஸில் பாதி வண்டி நின்றுபோயிருக்கும். ஒரு வண்டியின் கண்ணைத் தோண்டி இன்னொன்றுக்கு வைப்பதை ரிப்பேர் என்றே சொல்லி வந்தோம். முழு என்ஜினையே சொந்தக்காரருக்குச் சொல்லாமல் மாற்றியது அதுதான் முதல் தடவை.

பிஸ்டன் மாற்ற நாளாகும் என்று சொல்லி சவரிமுத்துவை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். பிரெஞ்சு வண்டியின் இரும்புச் சட்டத்தில் இங்கிலீஷ் என்ஜின் உட்காராது. தாங்குவதற்கு இரண்டு இரும்புப் பட்டைகளை நானே உலையில் அடித்தேன். இடது பட்டையில் துளை ஒன்றைத் தப்பாகப் போட்டுவிட்டு, அதை ஒட்டியே இன்னொரு துளை போட்டேன். இரண்டும் சேர்ந்து எட்டு என்று எழுதியது போல் ஆகிவிட்டது. பழைய என்ஜினின் நம்பர் தகட்டைக் கழற்றிப் புதியதில் திருகினோம். கன்னையா அதற்கு ஒரு சந்தனப் பொட்டும் வைத்தார்.

"வேற கொரல்ல பேசுது"

வண்டியை எடுத்துப் போன சவரிமுத்து மறுநாளே வந்துவிட்டான்.

"இன்னா நைனா, வண்டி வேற கொரல்ல பேசுது?"

"பிஸ்டன் புதுசு. அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

"பிஸ்டன் மாத்துனா இருமல் நிக்கும். கொரலே மாறிடுமா?"

"மாறும்."

அவன் என்னை நம்பினான். நான் ஃபிட்டர், அவன் டிரைவர். எங்கள் தொழிலில் அது ஒரு மரியாதை. ஃபிட்டர் சொன்னால் டிரைவர் எதிர்த்துப் பேச மாட்டான். போகும்போது பானெட்டைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனான்.

ஐப்பசி மழை

அந்த வருஷ ஐப்பசியில் விடாமல் மழை. வக்கீல் செங்கல்பட்டு கோர்ட்டுக்குப் போயிருந்தார். சாயங்கால ரயிலில் சைதாப்பேட்டையில் இறங்குகிறவரை அழைத்து வர சவரிமுத்து வண்டியை எடுத்துக்கொண்டு போனான். வக்கீல் ஸ்டேஷனில் நனைந்துகொண்டே நின்றார். வண்டி வரவில்லை. கடைசியில் ஜட்கா பிடித்து வீடு வந்து சேர்ந்தார்.

வண்டி அன்றும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. சவரிமுத்தும் வரவில்லை.

முதலில் வெள்ளத்தில் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு யாரோ ஒருவன் அந்த வண்டியை நெல்லூரில் பார்த்ததாகச் சொன்னான். ஒருவன் பார்த்த பிறகு பத்துப் பேர் பார்ப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? போலீஸில் புகார் எழுதினார்கள். காணாமல் போனது பிரெஞ்சு வண்டி, திருடியது டிரைவர் சவரிமுத்து.

அவன் பெண்சாதி ஞானம்மா. கல்யாணமாகி மூன்று வருஷம், பிள்ளை இல்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு சைதாப்பேட்டை மார்க்கெட்டில் மீன் விற்றுப் பிழைத்தாள். மார்க்கெட்டில் அவளுக்கு 'கார் திருடன் பொண்டாட்டி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தராசைத் தொட்டால், "புருஷன் காரையே அமுக்கினவன், நீ எடையை அமுக்க மாட்டியா?" என்று கேட்பார்களாம். இதெல்லாம் என் காதுக்கும் வந்தது. பாவம் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

இரண்டு ஸ்பேனர்

முப்பதுகளின் நடுவில் தியாகராய நகரில் வீடு மேல் வீடாக எழும்பியது. மணலுக்கு ஏகக் கிராக்கி. கோடையில் ஆறு வற்றியதும் வண்டி வண்டியாக அள்ளினார்கள். கரையோர மண்பாதைக்குக் கீழே ஓரிடத்தில் மண்வெட்டி இரும்பில் பட்டது.

அந்தப் பாதை மயிலாப்பூர்ப் பக்கமிருந்து சைதாப்பேட்டை ஸ்டேஷனுக்குக் குறுக்கு வழி. மழையில் பெரிய ரோடு முழுகினால் வண்டிக்காரர்கள் அதில்தான் போவார்கள்.

போலீஸ்காரர்கள் பழைய புகாரைத் தேடி எடுத்து, எங்கள் ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஒரு ஆள் வந்து அடையாளம் சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள். கன்னையா அதற்குள் காலமாகியிருந்தார். அவர் இடத்தில் நான் மேஸ்திரியாகி ஆறு வாரம்கூட ஆகவில்லை. நானே போனேன்.

கரையில் மீன் கூடையோடு ஞானம்மா எனக்கு முன்னாலேயே வந்திருந்தாள். நான் இறங்கும்போது கிட்டே வந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னாள்.

"அத்துதான்னு சொல்லு நைனா. திருடன் பொண்டாட்டின்னு எத்தினி வர்சமா கேட்டுக்கினு கீறேன். அவரு ஆத்தோட போயிருந்தா போவட்டும். திருடன் இல்லன்னு ஆவட்டும்."

இறங்கினேன். இரும்புச் சட்டத்தின் முன்வளைவு எனக்குத் தெரிந்த வளைவு. குனிந்து என்ஜினின் இடது பக்கம் கையை விட்டுத் தடவினேன். பட்டை அங்கே இருந்தது. விரல் நுனியில் அந்த எட்டு தட்டுப்பட்டது. என் கையால் போட்ட துளை என் கைக்குத் தெரியாதா? நாங்கள் திருகிய நம்பர் தகடு மட்டும் ஆற்றோடு போயிருந்தது.

சவரிமுத்து நெல்லூருக்கும் போகவில்லை, எங்கேயும் போகவில்லை. எஜமானர் மழையில் நிற்கிறாரே என்று குறுக்கு வழியில் விரைந்திருக்கிறான். கரை சரிந்திருக்கிறது. எத்தனையோ வருஷம் இந்த மணலுக்குள் வண்டி கிடந்திருக்கிறது. அவனை வெள்ளம் கடலுக்குக் கொண்டு போயிருக்கும்.

மேலேயிருந்து வக்கீல், "எப்படித் தெரியறது? நம்மாத்து வண்டிதானா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றால் எப்படிச் சொல்கிறாய் என்பார். என்ஜின் இங்கிலீஷாக இருக்கிறதே என்பார். மாற்றியது யார் என்பார். கோர்ட்டில் எத்தனையோ பேரைக் கேள்வி கேட்டே கவிழ்த்தவர். மோசடி கேஸ், மேஸ்திரி வேலை போய்விடும், ஜெயில். இதெல்லாம் என் தலையில் ஓட ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

கட்டைவிரலால் சேற்றை வழித்து அந்தப் பட்டையின் மேல் அப்பினேன். சுத்தம் செய்கிறவன் போலவே செய்தேன். அப்புறம் என்ஜின் நட்டு ஒன்றைச் சுரண்டி, எல்லோரும் பார்க்க பிரெஞ்சு ஸ்பேனரை மாட்டினேன். லொடலொட என்று ஆடியது. இங்கிலீஷ் ஸ்பேனரை மாட்டினேன். கெட்டியாகக் கவ்வியது.

"பாத்துக்குங்க. இங்கிலீஷ் வண்டி. புகார்ல இருக்கறது பிரெஞ்சு" என்றேன்.

சட்டத்தின் நட்டில் ஸ்பேனரை வைக்கவே இல்லை. வைத்திருந்தால் அது பிரெஞ்சு என்று குழந்தைகூடச் சொல்லியிருக்கும். யாரும் வைக்கச் சொல்லவில்லை. மேஸ்திரி சொன்னால் யார் கேள்வி கேட்பார்கள்?

சப் இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். வக்கீல் குடையை மடக்கி, மறுபடி விரித்தார்.

"இதுதான்னு இருந்தா எனக்கும் மனசு ஆறியிருக்கும்ப்பா" என்றார். "சவரி அப்படிப்பட்டவன் இல்லைன்னு எங்காத்துல எல்லாரும் இன்னும் சொல்லிண்டே இருக்கா. வண்டி போனா போறது. அவன் பேரைக் கெடுத்துட்டோமோன்னுதான் உறுத்திண்டே இருந்தது."

அந்த மனுஷர் என்னை ஜெயிலுக்கு அனுப்பியிருப்பாரா என்று இன்றுவரை யோசிக்கிறேன். அனுப்பியிருக்க மாட்டார் என்றுதான் தோன்றுகிறது. அப்படித் தோன்றும் நாட்களில் சாப்பாடு இறங்குவதில்லை. அன்றே அதே இடத்தில் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. நான் கோழை.

ஞானம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு மணலில் உட்கார்ந்திருந்தாள்.

"நல்லா பாத்தியா நைனா?"

"பாத்தேன்மா."

"அப்போ உள்ள அவரு இல்ல?"

"இல்ல."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். இரும்பை அந்த வாரமே யாரோ பழைய சாமான்காரன் உடைத்து எடுத்துப் போனான்.

கல்லறைத் திருநாள்

இரண்டு வருஷம் தள்ளினேன். அப்புறம் முடியவில்லை. அந்த ஒர்க்‌ஷாப்பை விட்டு விலகி சைதாப்பேட்டையில் சொந்தமாக ஒரு கொட்டகை போட்டேன். இனி வேலை போகிற பயம் இல்லை. வக்கீலும் அதற்குள் தவறிவிட்டார். போலீஸில் எழுதிக் கொடுக்கிறேன், மார்க்கெட்டில் நாலு பேர் முன்னால் சொல்கிறேன், முதலில் அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒருநாள் காலையில் பட்டினப்பாக்கம் போனேன்.

குடிசை பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண், இன்றைக்குக் கல்லறைத் திருநாள், எல்லோரும் கல்லறைக்குப் போயிருக்கிறார்கள் என்றாள். செத்தவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்றும் நாள். அவளே புரிந்துகொண்டு சவரிமுத்துக்கும் ஏற்றியிருப்பாள், எனக்கு வேலை பாதி குறைந்தது என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி அப்படி.

கல்லறைத் தோட்டம் முழுக்கச் செவ்வந்திப் பூவும் மெழுகு வாசனையுமாக இருந்தது. அவள் தன் அம்மா அப்பன் கல்லறையைக் கழுவி, பூ வைத்து, வத்தி ஏற்றி முடித்திருந்தாள். என்னை அடையாளம் கண்டுகொண்டு எழுந்தாள். ஆற்றங்கரையில் பார்த்த ஞானம்மா இல்லை. உடம்பு தேறியிருந்தாள். தலையில் பூ இருந்தது.

மடியில் ஒரு மெழுகுவத்தி மிச்சம் வைத்திருந்தாள்.

"அது சவரிக்கா?" என்று கேட்டேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் கேட்டதுதான்.

அவள் சிரித்துவிட்டாள்.

"இன்னா நைனா இப்டி கேட்டுட்ட? உசுரோட கீற ஆளுக்கு இங்க யாருன்னா வத்தி கொளுத்துவாங்களா? இது எங்க அத்தைக்கு."

வத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு அவளே தொடர்ந்தாள்.

"நீதானே சொன்ன, அத்து அந்த வண்டி இல்லன்னு. ஆத்துல பூட்டாருன்னே அத்தினி வர்சமும் நெனச்சிக்கினு கெடந்தேன். ராவுல தண்ணி சத்தம் கேட்டா தூக்கம் வராது. அன்னிக்கு நீ சொன்னப்புறம்தான் ஊட்டுக்குப் போயி வயிறார சோறு துன்னேன். திருடிக்கினு போனாரா? போவட்டும். எங்கியோ எவளோடயோ கூட இருக்கட்டும். உசுரோட கீறாரு இல்ல, எனக்கு அது போதும்."

"மார்க்கெட்டுல..."

"திருடன் பொண்டாட்டின்னு சொல்றாங்கோ. சொல்லிக்கினு போறாங்கோ. தாலியோடதானே சொல்றாங்கோ."

சொல்வதற்காக வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த வார்த்தைகள் எல்லாம் என் வாயில்தான் இருந்தன. முதல் வார்த்தைக்கு உதட்டைப் பிரித்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா நைனா, ஒரு நா வந்துடுவாரு இல்ல?"

"வருவான்மா" என்றேன்.

அத்தை கல்லறையில் வத்தியை ஏற்றிவிட்டு வந்தாள். வாசலில் மீன் கூடை இருந்தது. மார்க்கெட்டுக்கு நேரமாகிவிட்டது, ஒரு கை தூக்கிவிடு என்றாள். தூக்கி அவள் தலையில் வைத்தேன்.